என் உயிருக்கு ஏழு வாரிசுகள்

எங்கள் சந்தில் ஏழு வீடுகளில் ஓடுகிற ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் என் பெயரில் வாங்கியவை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு அடக்கம் காட்டுவது எனக்கு வராது. தாராவியில் பிறந்து, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்து, முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து, நாயாய் அலைந்து பெர்மனென்ட் ஆனவள் நான். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளச் சீட்டு வரும். எங்கள் சந்தில் வேறு யாருக்கும் அது கிடையாது.

மற்றவர்கள் என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தோல் பை தைக்கிறவர்களுக்கு சீசனில் ஒரு வாரத்தில் வருகிற கூலி என் அரை மாதச் சம்பளம். ஆனால் எல்லாம் பீஸ் கணக்கு, கையில் காசு. ஷோரூமில் தவணைக்குப் பொருள் கேட்டால் ஃபைனான்ஸ்காரர்கள் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள், ரூம் சொந்தமா என்று கேட்பார்கள். இவர்களிடம் இரண்டும் இருக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாருக்காவது பொருள் வேண்டுமென்றால் என் லீவு நாளைக் கேட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு செம்பூர் ஷோரூமுக்குப் போவார்கள். கையெழுத்து என்னுடையது, பொருள் அவர்களுடையது. மூன்றாம் தேதிக்குள் தவணைப் பணம் என் வீட்டுக்கு வந்துவிடும், ஐந்தாம் தேதி என் பேங்க் கணக்கிலிருந்து போய்விடும். இத்தனை வருடத்தில் ஒரு தவணை தவறியதில்லை. இதற்காக நான் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. சரி, டீ குடித்திருக்கிறேன். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் வடா பாவும் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஷோரூமில் ஒரு ஓரமாக ஃபைனான்ஸ் மேஜை இருக்கும். அங்கே இருக்கிறவர் என் கார்டுகளை வாங்குவார், கம்ப்யூட்டரில் தட்டுவார், போனில் நம்பர் வந்ததா என்று இந்தியில் கேட்பார். வந்த நம்பரை நான் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நம்பர் வரும், அதையும் சொல்வேன். அப்புறம், "இன்னொரு பெயர் சொல்லுங்கள்" என்பார். பொருளை எந்த வீட்டில் இறக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். என்னோடு வந்தவர் தன் பெயரைப் பெருமையாகச் சொல்வார். ஏழு தடவையும் இப்படித்தான் நடந்தது. கிளம்பும்போது ஷோரூம்காரர்கள் இலவசமாக ஒரு ஹாட்பாக்ஸோ ஃபிளாஸ்கோ கொடுப்பார்கள். கூட வந்தவர்கள் அண்ணி முறை வைத்து, "மைனி, நீங்க வச்சுக்கிடுங்க" என்று சொல்லி என் கையில் திணிப்பார்கள். இரண்டு ஹாட்பாக்ஸ் என் வீட்டுப் பலகையில் இருந்தது உண்மை.

எதிர்வீட்டுக்காரியின் வாஷிங் மெஷின் கடன் முடிந்த மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் பணகுடிப் பக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், பைகளுக்கு ஜிப் தைக்கிறவள். கடன் முடிந்ததற்குப் பேப்பர் வேண்டும் என்று கேட்டாள். என் மகள் ஒரு ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கிறாள். இங்கிலீஷும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்தைக் கண்டால்தான் முழிப்பாள். அவள் போனில் அந்தக் கடனின் விவரத்தை இறக்கிப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, நீ இன்சூரன்ஸ் எடுத்தியா?"

"எனக்கு எதுக்குட்டி இன்சூரன்ஸ்?"

"அரே, இதுல இருக்கேம்மா. மெஷின் விலையோட சேத்து லைஃப் இன்சூரன்ஸ். உன் லைஃப்தான். இன்ஸ்டால்மென்ட்ல அதுவும் சேந்து போயிருக்கு."

மற்ற ஆறு கடன்களையும் திறந்து பார்த்தோம். ஏழிலும் இருந்தது. மேஜைக்காரர் கேட்ட முதல் நம்பர் கடனுக்கு, இரண்டாவது நம்பர் என் உயிருக்கு. இன்னொரு பெயர் கேட்டாரே, அது டெலிவரிக்கு இல்லை. நான் செத்தால் பணம் யாருக்கு என்று எழுதுகிற கட்டத்துக்கு. மேஜைக்காரர் அங்கே கூட வந்தவரின் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் தனக்குத் தோன்றியதைப் போட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி எனக்குத் தங்கை. தோல் பட்டறை வைத்திருக்கிற பாய் எனக்கு அண்ணன். நான் கண்ணை மூடினால் சந்தில் ஏழு வீட்டுக்குப் பணம் வரும், என் மகளுக்கு ஒரு பைசா வராது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை குழாயடியில், "ஏட்டி, நான் செத்தா ஒங்களுக்கெல்லாம் யோகந்தான்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் கதை வேறு மாதிரி திரும்பிவிட்டது. தவணையில் மாதாமாதம் இருநூறு முந்நூறு கூடுதலாகப் போயிருக்கிறது. அதை யார் தின்றது? ஏழு பேருக்கும் பொதுவாக ஷோரூமில் இருந்தது ஒரே ஒரு ஆள், அது நான். பலகையில் இருந்த ஹாட்பாக்ஸ் எல்லாருக்கும் நினைவு வந்தது.

எதிர்வீட்டுக்காரிதான் வந்து கேட்டாள். வாசலில் நின்று, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"மைனி, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. ஒங்களுக்கு அதுல கமிஷன் எதுவும் உண்டா?"

"யாருட்டி சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு ஆளு சும்மா ஏழு தடவ செம்பூருக்கு ஏறி எறங்குவாவளான்னு பேசிக்கிடுதாவ."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திட்டுவதில் நான் சளைத்தவள் இல்லை, ஆஸ்பத்திரி வார்டில் குடித்துவிட்டு வருகிற ஆண்களை ஒற்றை அதட்டலில் உட்கார வைப்பேன். அன்று அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் பிரசவத்துக்கு லேபர் வார்டு வாசலில் விடிய விடிய நின்றவள் நான்.

பாயிடம் போய்ச் சொன்னேன். பட்டறையில் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். "நான் ஒன்னய நம்பாம இருப்பனாம்மா?" என்றார். நான் எழுந்திருக்கும்போது, "ஆனா பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்லா" என்றும் சொன்னார். நியாயமான மனிதர். அந்த நியாயம்தான் அன்றைக்கு எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த மூன்றாம் தேதி, இன்னும் கடன் முடியாத மூன்று வீட்டுக்காரர்களும் பணத்தைக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அன்றே முடிவும் செய்தேன்: ஏழு வீட்டுப் பணத்தையும் திரும்ப வாங்க வேண்டும், நான் ஒரு பைசா தின்னவில்லை என்று எழுத்திலும் வாங்க வேண்டும்.

ஷோரூம் மேலாளர் டீ வரவழைத்துக் கொடுத்து, சிஸ்டத்தில் அது தானாகவே சேர்ந்துவிடும், கடன் வேண்டுமென்றால் கட்டாயம் என்றார். கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள் மகள். உடனே கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. ஃபைனான்ஸ் கம்பெனியில், இது இன்சூரன்ஸ் கம்பெனி விஷயம் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டால் ஒரு பாட்டுப் பாடி, அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து பாடியது. மகள் போனை வைத்துவிட்டு ஈமெயில் எழுத ஆரம்பித்தாள்.

என்ன கேட்க வேண்டும் என்று சொன்னது நான். ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நோயாளிக்கு எதைச் செய்தாலும் கேஸ் பேப்பரில் எழுத வேண்டும், எழுதாதது நடக்காதது. தகராறு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது பேப்பரைத்தான். அதனால் பணத்தைக் கேட்காதே, முதலில் நான் பூர்த்தி செய்ததாகச் சொல்லுகிற ஃபார்ம்களைக் கேள் என்றேன். மூன்று வாரம் இழுத்தடித்து ஏழும் வந்தன. மகள் ஆபீஸில் பிரின்ட் எடுத்து வந்தாள். தரையில் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

நான்காவது ஃபார்முக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒன்றில் என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். அடுத்ததில் ஐந்தடி ஏழு. பிறகு ஐந்தடி மூன்று. கடைசியில் ஐந்தடி எட்டு. ஐம்பது வயதுக்கு மேல் நான் வளர்ந்திருக்கிறேன், குறைந்திருக்கிறேன், திரும்பவும் வளர்ந்திருக்கிறேன். நிஜத்தில் நான் ஐந்தடிக்கு இரண்டங்குலம் குறைவு. ஒன்றில் நான் இல்லத்தரசி, இன்னொன்றில் வியாபாரம் செய்கிறேன். உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. சர்க்கரை உண்டா? ஏழிலும் இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டுகிறேன். எடை, உயரம், சர்க்கரை எல்லாம் தேதி போட்டு கேஸ் பேப்பரில் இருக்கிறது. அந்தக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் ஆபீஸ் தாதரில். புகார் கேட்கிற அதிகாரியைப் பார்க்க நேரம் வாங்கி, நானும் மகளும் போனோம். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டேன். பாயின் பட்டறையிலிருந்து மஞ்சள் அளவு டேப் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அதிகாரி முதலில் இங்கிலீஷில் மகளிடம் பேசினார். நான் அவளிடம் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க தமிழா! நான் மாட்டுங்காதான். பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான். உக்காருங்கோ. நமக்குள்ள இதைச் சுமுகமா முடிச்சுடலாமே. கடைசியா எடுத்த பாலிசி ஒண்ணு இருக்கு இல்லையா, அதை மட்டும் கேன்சல் பண்ணி உங்க அக்கவுண்ட்ல போட்டுடறேன்."

"மத்த ஆறு?"

"அதெல்லாம் பழசும்மா. அதோட, நீங்க ஏழு பொருள் சொந்த உபயோகத்துக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கேள். அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு வாங்கினேன்னு இப்போ புகார்ல நீங்களே எழுதியிருக்கேள். அது தப்பாச்சே. ஃபைனான்ஸ்காராளுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தானே சங்கடம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் என் கையைப் பிடித்தாள். நானும் கொஞ்சம் பயந்தேன், அதை மறைப்பானேன். ஆனால் எதிர்வீட்டுக்காரி என் வாசலில் நின்று கேட்டதைவிட இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"தெரியட்டும் சார். ஏழு கடன்ல ஒரு தவண தப்பியிருக்கான்னு அவியகிட்டயே கேளுங்க. கையெழுத்துப் போட்டவ நான், அதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். இப்ப ஒங்க பேப்பருக்கு நீங்க பதில் சொல்லுங்க."

ஏழு ஃபார்மையும் அவர் மேஜையில் பரப்பினேன். பையிலிருந்து டேப்பை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, காலண்டர் மாட்டியிருந்த சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்.

"அளட்டி. இதுல எந்த ஃபார்ம்ல இருக்கது நானுன்னு சார் சொல்லட்டும்."

பக்கத்து மேஜைகளில் வேலை நின்றுவிட்டது. மகள் வெட்கத்தோடுதான் அளந்தாள், ஆனால் சத்தமாகச் சொன்னாள். அதிகாரி ஃபார்ம்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நான் வந்து உட்கார்ந்து கேஸ் பேப்பர் கட்டை அவிழ்த்தேன்.

"சார், இது என் சக்கர பேப்பர். பதினோரு வருசம். நாளைக்கு நான் செத்துப்போனா, இதே கட்டத் தேடி எடுத்து, 'இவ சக்கரைய மறைச்சிட்டா, பணம் கிடையாது'ன்னு நீங்க சொல்லுவீங்க. எங்க ஆஸ்பத்திரியில எத்தன குடும்பத்துக்கு அப்படிச் சொல்லி நான் பாத்திருக்கேன். செத்த பொறவு நீங்க காட்டப்போற பேப்பர உயிரோட இருக்கும்போதே நான் கொண்டாந்து காட்டுதேன். எங்கிட்ட யாரும் கேக்கவுமில்ல, நான் மறைக்கவுமில்ல. பணத்தத் தாங்க."

அவர் 'நமக்குள்ள' என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். ஏழையும் மேலிடத்துக்கு எழுதுகிறேன், சில வாரம் ஆகும் என்றார். இங்கே நடக்காவிட்டால் இதற்கு மேல் முறையிடுகிற இடம் எது என்று எங்களுக்குத் தெரியும் என்று மகள் இங்கிலீஷில் சொன்னாள். அவள் சொன்ன தோரணையைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இன்னொண்ணும் வேணும் சார்," என்றேன். "இந்த ஏழு பாலிசிக்கும் கமிஷன் யாருக்குப் போச்சுன்னு ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா. அது எனக்கு வரலைன்னு எழுதித் தாங்க."

"அப்படியெல்லாம் எழுதற ஃபார்மேட் எங்ககிட்ட இல்லையேம்மா."

"இல்லாத உயரத்த ஏழு தடவ எழுதினீங்க. இருக்கத ஒரு தடவ எழுதுங்க சார்."

கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை லீவு போட்டு தாதருக்குப் போய் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சந்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை வார்டில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. ஏழு பாலிசியின் பணமும் மொத்தமாக என் கணக்கில் ஏறியிருந்தது. கடிதம் சனிக்கிழமை வந்தது.

பணத்தை நான் முதலில் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நின்ற பிறகு ஏழு வீட்டுக்காரர்களையும் குழாயடியிலேயே இருக்கச் சொன்னேன். பாயையும் பட்டறையிலிருந்து கூப்பிட்டேன். மகள் ஒரு கவிழ்த்த டிரம்மின் பக்கத்தில் நின்றுகொண்டு கடிதத்தை ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பாதி இந்தி. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. ஏழு பாலிசியும் வாடிக்கையாளரிடம் கேட்காமல் பூர்த்தி செய்யப்பட்டவை. பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. எங்கள் பதிவுகளின்படி, இந்தப் பாலிசிகளுக்காக இந்த அம்மாளுக்குக் கமிஷனோ வேறு எந்த ஆதாயமோ வழங்கப்படவில்லை.

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்தாள். நான் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் நின்ற நிற்பை மகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அதில் நான் ஐந்தடி எட்டு இருப்பேன் என்றுதான் தோன்றும்.

ஆளுக்கொரு கவராக மகள் கொடுத்தாள். பாய் தன் கவரை வாங்கிக்கொண்டு, "என் பேருக்கு நேரா அண்ணன்னு போட்டிருந்தானாமே, அத மட்டும் திருத்திராதம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"இதுக்குப் போயி லெட்டர் வேணுமா மைனி? ஒங்கள நாங்க எப்பவாவது..."

"கேட்டட்டி. என் வாசல்ல நின்னு கேட்ட."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வேறு யார் மேலாவது பழியைப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"ஆமா மைனி. கேட்டேன். தப்புத்தான்."

அதற்குப் பதிலாக ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மையில் அந்த நிமிஷம் எனக்கு மனது வரவில்லை. அவள் என் மகளிடம் கையை நீட்டி அந்தக் கடிதத்தைக் கேட்டாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்லயே இருக்கட்டும் மைனி. இனி எவளாவது ஒங்களப் பத்தி வாயத் தொறந்தா, நான் காட்டுதேன்."